நூற்றுப் பதினேழுக்கு எழுபத்து மூன்று

ரத்த அழுத்தம் பார்க்கும் பாதரசக் கருவியின் அளவுகோலில் ஒற்றைப்படை எண் கிடையாது. கோடுகள் இரண்டிரண்டாகத்தான் ஏறும். நூற்றுப் பதினாறு, நூற்றுப் பதினெட்டு, நூற்றிருபது. இந்த உண்மை எனக்கு வேலைக்குச் சேர்ந்த ஒன்பதாவது மாதத்தில்தான் தெரிந்தது. அந்த ஒன்பது மாதமும் அப்படி என்னதான் வேலை பார்த்தாய் என்று கேட்பீர்கள். அந்த அளவுகோலைப் பார்ப்பதுதான் வேலை.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் எங்காவது நான் கெட்டிக்காரன் போலத் தெரிந்தால் ஏமாந்துவிடாதீர்கள்.

இப்போது பொத்தானை அமுக்கினால் எண் தானாக வந்து நிற்கிறது. அந்தப் பொத்தானை அமுக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். நாங்கள் வேலை பார்த்த எழுபதுகளில் பாதரசமும் காதும்தான். பாதரசம் பொய் சொல்லாது. காதும் பொய் சொல்லாது. இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து எழுதுகிறவன்தான் சொல்லுவான்.

1. காது

செங்கல்பட்டு ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் ஓர் ஓட்டு வீடு. அதுதான் எங்கள் ஆராய்ச்சி அலுவலகம். கடலோரக் குப்பங்களில் யார் யாருக்கு பிரஷர் இருக்கிறது, எதனால் வந்தது என்று கண்டுபிடிப்பது திட்டம். பிரஷர் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அது ஏன் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. சிலருக்கு மட்டும் கையில் பிடித்துக் காட்டுகிற மாதிரி ஒரு காரணம் இருக்கும். சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக் குழாய் சுருங்கியிருக்கும், அல்லது சிறுநீரகத்தின் தலைமேல் குல்லாய் போல உட்கார்ந்திருக்கும் சுரப்பி வேண்டாத ஹார்மோனை வாரி இறைத்துக்கொண்டிருக்கும். அப்படிப்பட்டவர்களைத் தேடிப் பிடித்தால் குணப்படுத்தலாம். அந்தச் சிலரைத் தேடத்தான் மேடம் இந்த ஊருக்கு வந்திருந்தார்.

மேடம் என்றால் டாக்டர் லோகநாயகி. மதுரைப் பக்கத்துக்காரர். குரலை உயர்த்தவே மாட்டார். உயர்த்தாத குரலுக்கு நாங்கள் பயந்த மாதிரி வேறு எதற்கும் பயந்ததில்லை.

நேர்முகத் தேர்வில் ஸ்டெத்தை என் கையில் கொடுத்து, தன் கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டார்.

"என்னப்பா, கேக்குதா?"

"நல்லா கேக்குது மேடம்."

"என்ன கேக்குது?"

"உங்க ரத்தம் மேடம்."

"ஸ்டெத்தைத் திருப்பி மாட்டியிருக்க. அதுல இடி விழுந்தாலும் கேக்காது."

எழுந்து வாசல் வரைக்கும் போய்விட்டேன். பின்னாலிருந்து குரல் வந்தது. "நாளைக்கு எட்டு மணிக்கு வந்துரு. இன்னொருத்தன் வரவே இல்ல."

முதல் நாளிலேயே என் குணம் முழுவதும் மேடத்துக்குத் தெரிந்துவிட்டது. ஆள் பஞ்சம். வேறு என்ன செய்வார்?

2. ஜாடி

குப்பத்துக்கு எங்களை ஜீப்பில் கொண்டுபோவது டிரைவர் சிங்காரம். திருக்கழுக்குன்றம் தாண்டி மகாபலிபுரம், அங்கிருந்து வடக்கே மணல் பாதை. குப்பத்தில் எனக்கு வைத்த பெயர் 'பம்ப்பு'. கையில் பட்டை கட்டிக் காற்றடிப்பதால் வந்த பட்டம். என் பெயரை அங்கே ஒருவரும் கேட்டதில்லை.

பிரஷர் அதிகமாக இருந்தவர்களிடம் ஒரு பழுப்புக் கண்ணாடி ஜாடியைக் கொடுப்போம். ஒரு நாள் முழுக்கப் போகும் சிறுநீர் ஒரு சொட்டு விடாமல் அதில் சேர வேண்டும். அதிலிருந்துதான் ஹார்மோனை அளப்பார்கள். முதல் ஜாடியை வாங்கிக்கொண்டவர் மாசிலாமணி. கட்டுமரத்தில் போகிறவர். கடலிலும் இதில்தான் போக வேண்டும் என்று நான் படித்துப் படித்துச் சொல்ல, ஜாடியைக் கயிற்றால் மரத்தோடு கட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் வந்த ஜாடி கழுத்துவரை தளும்பியது. கூடவே ஒரு தூக்குச் சட்டி. அதுவும் நிறைந்திருந்தது.

"அண்ணாத்த, இது எல்லாமே உங்களோடதா?"

"முக்காவாசி என்னுதுதான் நைனா."

"மீதி?"

"மரத்துல கூட வந்தவனுங்க மூணு பேரு. அல்லாரும் சேந்து ரொப்பினோம். சர்க்காரு ஜாடி, அரையும் கொறையுமா திருப்பிக் குட்த்தா மருவாதியா கீதா சொல்லு?"

நான் இரண்டையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மேடம் ஜாடியைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "அவரு பிரியத்துல பொய் சொல்றாருப்பா. சம்பளம் வாங்கிட்டு பொய் சொல்றவனத்தான் நான் மன்னிக்க மாட்டேன்."

யாரைச் சொல்கிறார் என்று சுற்றிலும் பார்த்தேன். அறையில் நான் மட்டும்தான் இருந்தேன்.

3. சுழியம்

எட்டு மாதம் கழித்து ஒரு காலையில் மேடம் பழுப்புத் தாள் ஒன்றைச் சுவரில் ஒட்டினார். பிரஷர் பார்க்கும் மூன்று பேரும் எழுதிய எண்களின் கடைசி இலக்கத்தை மட்டும் எண்ணிக் கோடு போட்டிருந்தார். மற்ற இரண்டு பேருக்கும் கோடுகள் பரவலாக இருந்தன. என் பெயருக்கு நேரே எல்லாக் கோடும் சுழியத்தின் தலையில் குவிந்து, வைக்கோல் போர் மாதிரி நின்றது.

"உன் குப்பத்துல எல்லாருக்கும் பிரஷர் பத்துப் பத்தாத்தான் ஏறுமா?"

"ஜனங்க அப்படித்தான் இருக்காங்க மேடம்."

"ஜனங்க இல்லப்பா. உன் கண்ணு."

அதற்குமேல் அளவுகோலின் கோடுகளைப் பற்றி விளக்கமாக ஏதோ சொன்னார். சத்தியமாகச் சொல்லியிருப்பார். அந்த நேரம் பார்த்து ஜன்னலுக்கு வெளியே, மகாபலிபுரம் பஸ்ஸைத் தவறவிட்ட ஒரு வெள்ளைக்காரருக்கு சிங்காரம் வேட்டி கட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். வேட்டி மூன்றாவது முறையாக அவிழ்கிற கட்டத்தில் இருந்தது. யாராயிருந்தாலும் எதைக் கவனிப்பார்கள்?

ஆக, மேடம் சொன்னதில் பாதிதான் எனக்குள் போனது. சுழியம் கூடாது. சுழியத்தைப் பார்த்தால் மேடத்துக்குச் சந்தேகம் வரும். இனிமேல் எழுதுகிற எண் கரடுமுரடாக இருக்க வேண்டும். இப்படி ஒரு முடிவோடு ஒன்பதாவது மாதத்துக்குள் நுழைந்தேன்.

4. ஏலம்

எங்கள் விதி இது. ஆளை உட்கார வைக்க வேண்டும். ஐந்து நிமிடம் பேசாமல் இருக்கச் சொல்ல வேண்டும். வலது கையில் பார்க்க வேண்டும்.

மாசிலாமணியின் மனைவி அஞ்சலைக்கு இருபத்தேழு வயது. கடற்கரை ஏலத்தில் மீன் எடுத்து திருக்கழுக்குன்றம் கொண்டுபோய் விற்கிறவர். வீட்டில் மூன்று முறை தேடியும் அகப்படவில்லை. நான்காவது முறை ஏலத்துக்கே போய்ப் பிடித்தேன். மரங்கள் கரை ஏறியிருந்தன. மணலில் குவியல் குவியலாக மீன். ஏலம் விடுகிறவர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். அஞ்சலை கூட்டத்தின் முன்வரிசையில் ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"யோவ் பம்ப்பு, இன்னா வேணும்?"

"வலது கை வேணும்கா. ரெண்டே நிமிஷம்."

"இத உன்னாண்ட குட்த்துட்டு நான் எதக் காட்டி ஏலம் கேக்குறது? அதோ வவ்வாலு மீனு வர்து பாரு. வுட்டா அந்த குண்டம்மா தூக்கிகினு பூடுவா."

"ரூல் அப்படிக்கா."

"உன் ரூலு வந்து எனக்கு மீனு எட்த்துக் குடுக்குமா? இந்தா, இந்தக் கைய வச்சிக்கோ." இடது கையை என் மடியில் போட்டார். "இது சும்மாத்தான் கெடக்குது. எப்பப் பாரு தூங்கிகினே கீது. கூடையத் தூக்குன்னா மரத்துப் பூடும். வூட்டுக்காரு மாதிரியே சோம்பேறி."

சுற்றி இருந்த பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நோயாளி தன் வாயாலேயே தன் நோயைச் சொல்லி, அதைக் கேட்டு நான் சிரித்தது என் வேலையில் அந்த ஒரு முறைதான். ஒரு முறையே போதும்.

பட்டையைச் சுற்றினேன். காற்றடித்தேன். பாதரசம் ஏறியது. மெல்ல இறக்கினேன். முழங்கை மடிப்பில் 'டொக் டொக்' என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை. அடிவரைக்கும் இறங்கிவிட்டது. மறுபடி ஏற்றினேன். கடல் இரைந்தது, ஏலக்காரர் இரைந்தார், கை மட்டும் வாயைத் திறக்கவில்லை.

"இன்னாய்யா ஏத்தி ஏத்தி எறக்குற? சைக்கிள் டியூப்பா இது?"

மூன்றாவது முறையும் ஒன்றும் இல்லை. ரப்பர் குழாயைச் சந்தேகப்பட்டேன். கடலைச் சந்தேகப்பட்டேன். காதில் அழுக்கோ என்று சுண்டுவிரலை விட்டுக் குடைந்தேன். உயிரோடு ஏலம் கேட்டுக்கொண்டிருக்கும் ஒருத்தியின் கையில் நாடி இல்லாமல் இருக்குமா என்று மட்டும் நினைக்கவில்லை. மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்க்கவும் தோன்றவில்லை.

அப்போது ஜீப்பிலிருந்து சிங்காரத்தின் குரல். "நைனா! வஞ்சிரம் வறுத்து வச்சது ஆறிகினே கீது! வரியா, நானே துண்ணுடவா?"

சிங்காரம் சும்மா சொல்கிற ஆள் இல்லை. தின்றுவிடுவார்.

பேனாவை எடுத்தேன். கேட்கவில்லை என்று எழுதினால் மறுபடி வரச் சொல்வார்கள். நூற்றிருபதுக்கு எண்பது என்று எழுதினால் சுழியம், மேடம் பிடித்துவிடுவார். கரடுமுரடாக, உயிருள்ள எண்ணாக, உண்மையை உரித்து வைத்த மாதிரி ஒன்று வேண்டும். ஒரு கணம் கடலைப் பார்த்தேன். வந்துவிட்டது. 117/73.

அந்த எண்ணை எழுதிவிட்டுத் தலையைச் சாய்த்து ரசித்தேன். அவ்வளவு அழகான பொய் அதுவரை நான் சொன்னதில்லை.

"எவ்ளோ?" என்றார் அஞ்சலை, மீனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நூத்திப் பதினேழுக்கு எழுவத்திமூணு. ரொம்ப நல்லா இருக்குக்கா."

"நல்லாவா கீது? தெனம் உச்சி வெயிலுக்கு தல பொளந்துக்குதே. கண்ணு வேற இருட்டிகினு வர்து."

"எல்லாம் வெயில்தான். மோர் குடிங்க."

நான் டாக்டர் இல்லை. மோர் சிபாரிசு செய்ய எனக்கு யாரும் அதிகாரம் கொடுக்கவில்லை. வஞ்சிரம் கொடுத்தது.

5. ஒற்றைப்படை

படிவங்களை மேடம் சனிக்கிழமைதான் பார்ப்பார். அன்று என் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பாராட்டத்தான் என்று நினைத்து, தலையைச் சீவிக்கொண்டு போனேன். மேஜைமேல் பாதரசக் கருவி திறந்து வைக்கப்பட்டிருந்தது.

"இந்த நூத்திப் பதினேழு எங்கப்பா இருக்கு?"

"குப்பத்துல மேடம். மாசிலாமணி வீட்டம்மா."

"ஆளைக் கேக்கல. எண்ணைக் கேக்கறேன். இதுல காட்டு."

குனிந்து தேடினேன். நூற்றுப் பதினாறு இருந்தது. நூற்றுப் பதினெட்டு இருந்தது. நடுவில் வெறும் கண்ணாடி. எழுபத்து மூன்றைத் தேடினேன். எழுபத்திரண்டுக்கும் எழுபத்து நான்குக்கும் நடுவில் அதே வெறும் கண்ணாடி. ஒன்பது மாதம் தினமும் பார்த்த முகத்தில் மூக்கே இல்லை என்று அன்றுதான் தெரிகிற மாதிரி இருந்தது.

"நடுவுல மேடம்… பாதரசம் ரெண்டுக்கும் நடுவுல நின்னுச்சு."

"மேல எண்ணு, கீழ எண்ணு, ரெண்டு தடவையும்?"

"கொஞ்சம் நடுங்குச்சு மேடம்."

"பாதரசமா, நீயா?"

இதற்குமேல் என் கற்பனை வேலை செய்யவில்லை. "கேக்கல மேடம்" என்றேன்.

"என்ன கேக்கல?"

"ஒண்ணுமே கேக்கல. மூணு தரம் பாத்தேன். அதான் நானா ஒண்ணு எழுதிட்டேன்."

சீட்டுக் கிழிந்தது என்று நின்றேன். அவர் திட்டவில்லை. பேனாவை மூடி வைத்தார். அந்த மூடிச் சத்தம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"எந்தக் கை?"

"இடது கை மேடம். வலது கையில ஏலம் கேட்டுட்டு இருந்தாங்க."

"வயசு?"

"இருபத்தேழு."

"தலைவலி, கண்ணு மங்கறதுன்னு ஏதாவது சொன்னாளா?"

மோர் ஞாபகத்துக்கு வந்தது. "ரெண்டுமே சொன்னாங்க மேடம்."

மேடம் எழுந்தார். ஸ்டெத்தை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். "சிங்காரம், வண்டிய எடு."

 திருக்கழுக்குன்றம் தாண்டியதும் சிங்காரம் என் பக்கம் சாய்ந்து முணுமுணுத்தார். "இன்னா நைனா பண்ணித் தொலச்ச? மேடம் ஹாரன் அடிக்கக்கூட வுட மாட்டேங்குது."

6. தூங்குகிற கை

அஞ்சலை வீட்டுக்குள் பாயில் படுத்திருந்தார். நெற்றியில் ஈரத்துணி கட்டியிருந்தது. வாசலில் மாசிலாமணி வலைக்குக் கண்ணி போட்டுக்கொண்டிருந்தார். அஞ்சலையின் தலைமாட்டில் ஒரு சொம்பு. அதில் என்ன என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

மேடம் பாயிலேயே உட்கார்ந்து இரண்டு மணிக்கட்டையும் ஒரே நேரத்தில் பிடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு என் விரல்களைப் பிடித்து அஞ்சலையின் இடது மணிக்கட்டில் வைத்து அழுத்தினார். ஒன்றும் இல்லை. வலது மணிக்கட்டில் வைத்தார். விரலைத் தூக்கி எறிகிற மாதிரி அடித்தது.

வலது கையில் பட்டையைக் கட்டி அவரே பார்த்தார். இரண்டு முறை பார்த்தார். இருநூற்றிருபத்து நான்குக்கு நூற்று முப்பத்தாறு. இரண்டும் இரட்டைப்படை.

விளக்குக் கருவியைக் கண்ணில் பிடித்துப் பார்த்தார். வயிற்றில், தொப்புளுக்கு மேலே கொஞ்சம் இடது பக்கமாக ஸ்டெத்தை வைத்துக் கேட்டார். என்னைக் கூப்பிட்டார். "கேளு. இந்தத் தடவை சரியா மாட்டு."

கேட்டேன். வயிற்றுக்குள் யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு ஊதுகிற மாதிரி, 'ஹுஸ்… ஹுஸ்…' என்று நாடியின் தாளத்தில் ஒரு சத்தம். குறுகிய குழாய்க்குள் ரத்தம் முண்டியடித்துப் போகும் சத்தம். அந்த வேலையில் நான் நேர்மையாகக் கேட்ட முதல் சத்தம் அதுதான் என்று நினைக்கிறேன்.

மேடம் மாசிலாமணியைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். "உடம்புல ரத்தக் குழாயோட சுவரு வீங்கி அங்கங்க சுருங்கிருச்சு. இடது கைக்குப் போற குழாய் கிட்டத்தட்ட அடைச்சிருச்சு. இடது கிட்னிக்குப் போற குழாயும் சுருங்கியிருக்குன்னு நினைக்கிறேன். தெருக்கோடி வீட்டுக்குத் தண்ணி வரலன்னா என்ன செய்வாங்க?"

"சண்ட போடுவாங்க."

"அதேதான். கிட்னிக்கு ரத்தம் வரலன்னதும், ஊர்லயே தண்ணி இல்லன்னு அது கூச்சல் போடுது. ரெனின்னு ஒண்ணை ரத்தத்துல கலந்து விடுது. அதைக் கேட்டு உடம்பு மெயின் வால்வைத் தொறந்து விட்டுருது. மத்த வீட்டுக் குழாயெல்லாம் வெடிக்கிற அளவுக்கு பிரஷர் ஏறுது. இப்படியே விட்டா கண்ணு போயிரும். இல்லாட்டி மூளையில குழாய் வெடிக்கும்."

மாசிலாமணியின் கையிலிருந்த வலை ஊசி கீழே விழுந்தது. அஞ்சலை மெதுவாக எழுந்து உட்கார்ந்தார். ஈரத்துணியை அவிழ்த்தார்.

"இந்தாளு நல்லா கீதுன்னு சொன்னாரே?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மேடம் மட்டும் பார்க்கவில்லை. "அதை அவன்கிட்டயே கேளும்மா" என்றார்.

வேறு வழியில்லை. சொன்னேன். கேட்கவில்லை, பசி, நானாகவே எழுதினேன். சொல்லி முடிக்கும்வரை அஞ்சலை கண்ணை எடுக்கவில்லை.

"மோரு குடிக்கச் சொன்னியே," என்றார். "தெனம் குடிச்சேன்யா."

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். 

மாசிலாமணிதான் இடையில் வந்தார். "வுடும்மே. நாமளுந்தான் ஜாடிய ரொப்பிக் குட்த்தோம்."

"ஜாடியும் நானும் ஒண்ணாய்யா?" என்றார் அஞ்சலை. மாசிலாமணி ஊசியைத் தேடக் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை.

7. ஆரஞ்சு ஐஸ்

மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக அஞ்சலை முதலில் சம்மதிக்கவில்லை. "ஏலம் யாரு கேப்பா? இவரா? இவருக்கு வவ்வாலுக்கும் காரப்பொடி மீனுக்கும் வித்தியாசம் தெரியும், வெலைக்குத் தெரியாது." மேடம் அதற்கெல்லாம் மசியவில்லை. திங்கட்கிழமை காலை ஜீப் வாசலில் நின்றது.

எனக்கு வேலை போகவில்லை. அதைவிட மோசமாக இரண்டு உத்தரவுகள் வந்தன. ஒன்று, ஒன்பது மாதத்தில் நான் பார்த்த அத்தனை பேரையும் முதலிலிருந்து, இரண்டு கையிலும் பார்க்க வேண்டும். இரண்டு, மெட்ராஸில் அஞ்சலைக்கு வேண்டிய எடுபிடி நான்தான்.

தொடை வழியாகக் குழாய் விட்டு, மருந்தேற்றிப் படம் எடுத்தார்கள். வலது சிறுநீரகத்துக்குப் போகும் குழாய் நன்றாக இருந்தது. இடதுக்குப் போவது நூலிழை மாதிரி. அந்தச் சிறுநீரகம் பாதியாகச் சுருங்கியிருந்தது. ஆனாலும், கூச்சல் போடுவது அதுதானா என்று உறுதி செய்ய வேண்டும். இரண்டு சிறுநீரகத்திலிருந்தும் வருகிற ரத்தத்தைத் தனித்தனியாக எடுத்து ரெனின் அளக்க வேண்டும். அப்போது அதை அளக்கிற இடம் நகரத்தின் மறுகோடியில் இருந்தது. அந்த ரத்தம் அடைத்த கண்ணாடிக் குப்பிகளை ஐஸ் வாளியில் வைத்து, சில்லிப்பு குறையாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் பொறுப்பு.

பாதி வழியில் பஸ் நின்றுவிட்டது. வெயிலில் ஐஸ் தண்ணீராகிக்கொண்டிருந்தது. அந்த ரத்தம் கெட்டால் மறுபடி அஞ்சலையின் தொடையில் குத்த வேண்டும். சுற்றிலும் பார்த்தேன். சைக்கிளில் குச்சி ஐஸ் விற்கிறவர் ஒருவர் வந்தார். பெட்டியில் இருந்ததை மொத்தமாக வாங்கி, குச்சியோடு வாளிக்குள் அடைத்துக்கொண்டு ஓடினேன். ஆய்வகத்துக்காரர் வாளியைத் திறந்துவிட்டு வெகுநேரம் பார்த்தார்.

"என்னய்யா இது, ஆரஞ்சு கலர்ல?"

"கலர் வெளிய மட்டும்தான் சார். உள்ள ஒரிஜினல்."

விஷயம் மேடத்துக்குப் போனது. மறுநாள் ஃபோனில், "ரத்தம் கெடலயாம்" என்றார். சற்றுப் பொறுத்து, "வாளியக் கழுவிக் குடு" என்றார். அதை இன்றுவரை பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

இடது பக்கத்து ரத்தத்தில் ரெனின் பல மடங்கு இருந்தது. சுருங்கிப்போன அந்தச் சிறுநீரகத்தை எடுத்துவிட்டார்கள். அறுவை நடந்த அன்று வராந்தாவில் மாசிலாமணியும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். காலையிலிருந்து அவர் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "நைனா, அந்த மிச்சம் கீற ஒண்ணு… அது நல்லாத்தான கீது? பாத்துச் சொல்லு. நீயா சொல்லாத."

நான் உள்ளே போய் டாக்டரிடம் கேட்டுவிட்டு வந்து சொன்னேன்.

8. கற்றது

இந்த மாதிரிக் குறிப்புகளில் கடைசியில் ஒரு பாடம் சொல்ல வேண்டும் என்பார்கள். என் பாடம் சின்னது. கேட்கவில்லை என்றால் 'கேட்கவில்லை' என்று எழுதுங்கள். படிவத்தில் அதற்கு இடம் இல்லை என்றால் ஓரத்தில் எழுதுங்கள். கேட்காததும் ஒரு முடிவுதான். அஞ்சலையின் விஷயத்தில் அதுதான் முடிவே. எண் வராத இடத்தில் ஒரு நோய் உட்கார்ந்துகொண்டிருந்தது, நான் அதன் முகத்தில் எண்ணை எழுதி மறைத்துவிட்டேன்.

பல வருடம் என்னை நானே இப்படிச் சமாதானப்படுத்திக்கொண்டேன்: நான் ஒற்றைப்படையில் பொய் எழுதியதால்தானே மேடம் பிடித்தார், அதனால்தானே அஞ்சலை பிழைத்தார், அப்படியானால் என் முட்டாள்தனமும் ஒருவகையில் மருத்துவ சேவைதானே? ஒருமுறை இதை மேடத்திடமே கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், நூற்றுப் பதினெட்டுக்கு எழுபத்து நான்கு என்று எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது இருந்தது. இரட்டைப்படையில் எழுதியிருந்தால் அந்தப் படிவம் எந்தச் சனிக்கிழமையிலும் மாட்டியிருக்காது. அதற்குப் பிறகு அந்தச் சமாதானத்தை நான் கிட்டே சேர்க்கவில்லை.

இனி கடைசிச் சம்பவம்.

அறுவை முடிந்து மூன்றாவது மாதம், ஒரு காலையில் அஞ்சலை செங்கல்பட்டு ஓட்டு வீட்டுக்கு வந்தார். மாசிலாமணி பின்னால் ஒரு கூடையோடு வந்தார். பிரஷர் இறங்கியிருக்கிறதா என்று பார்க்கிற நாள். இறங்காவிட்டால் வலது சிறுநீரகத்தின் குழாயிலும் நோய் தன் வேலையை ஆரம்பித்துவிட்டது என்று பொருள். எடுத்துப்போட அதற்குமேல் சிறுநீரகம் கிடையாது. இது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

மேடம் சுவரோரமாக நின்றுகொண்டார். "நீயே பாரு" என்றார் என்னிடம்.

அஞ்சலையை நாற்காலியில் உட்கார வைத்தேன். ஐந்து நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கேட்காமலே வலது கையை மேஜைமேல் வைத்தார். பட்டையைச் சுற்றினேன். ஸ்டெத்தை எந்தப் பக்கம் மாட்டியிருக்கிறேன் என்று இரண்டு தரம் தடவிப் பார்த்துக்கொண்டேன். காற்றடித்தேன். பாதரசத்தை மயிரிழை மயிரிழையாக இறக்கினேன். இருநூற்றிருபதில் சத்தம் இல்லை. இருநூற்றில் இல்லை. நூற்றெண்பது, நூற்றறுபது, நூற்று நாற்பது. இல்லை.  பழையபடி காதுதானோ?

'டொக்.'

பாதரசத்தைப் பார்த்தேன். நூற்றிருபது. கோட்டின்மேல் ஆணி அடித்த மாதிரி.

கடைசிச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். எண்பத்து நான்கிலாவது போ, எழுபத்தாறிலாவது போ, எண்பதில் மட்டும் போகாதே என்று என் வாழ்க்கையில் அப்படி யாரையும் கெஞ்சியதில்லை. 'டொக், டொக்' என்று வந்துகொண்டிருந்த சத்தம் எண்பதில் நின்றது. அதற்குக் கீழே மயான அமைதி.

பாடப் புத்தகத்தில் போடுகிற எண். சோம்பேறிகள் பார்க்காமலே எழுதுகிற எண். வேறு யார் சொன்னாலும் நம்புவார்கள். சொல்ல வேண்டியவன் நான்.

மேடத்தைப் பார்த்தேன். மாசிலாமணியைப் பார்த்தேன். கடைசியில் அஞ்சலையைப் பார்த்தேன்.

"நூத்தியிருபதுக்கு எண்பதுக்கா," என்றேன். "சத்தியமா."

அஞ்சலை கையை எடுக்கவில்லை. மேஜைமேல் இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்தார்.

"மறுபடி எடு."